ரூமுக்கு நாலு பேர், மிச்சம் காத்து

"என்னையும் எண்ணுங்க சார்."

இசைவாணி இதைச் சொன்னது காலை ஏழு மணிக்கு, சீதளம் பட்டாசுக் கம்பெனியின் வாசலில், வருகைப் பதிவு நடக்கும் மேசைக்கு முன்னால். மேனேஜர் முனியராஜ் வாய்க்குக் கொண்டுபோன டீ கிளாஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் குனிந்து தங்கள் கால்விரல்களைப் பார்த்தார்கள். நாலு ஆள் தள்ளி நின்ற அவளுடைய அம்மா சண்முகத்தாய் மட்டும், "போச்சு" என்றாள்.

"என்னம்மா சொன்ன?"

"எண்ணுங்கன்னேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுவீகள்ல, அந்த மாதிரி. அதுல நானும் ஒரு ஆளு."

முனியராஜ் டீயைக் கீழே வைத்தார். குணம் கெட்ட மனுஷன் இல்லை. பிள்ளைக்குப் புரியவில்லை, எடுத்துச் சொல்வோம் என்ற முகத்தோடு சொன்னார். "நீ ஆளு இல்லம்மா. நீ காத்து."

சொல்லக் கூடாது என்று அம்மா அவளிடம் சொல்லியிருந்தது இந்த ஒன்றைத்தான். லீவு கேள், ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் கேள், கழிப்பறைக்குத் தண்ணீர் கேள், ஆனால் எண்ணச் சொல்லிக் கேட்காதே.

விஷயம் இதுதான். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு ரூமின் சுவரிலும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும்: ஆள் 4. வெடிமருந்து இருக்கிற ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். சீதளத்தில் இருபத்து நாலு ரூம், ஆகவே தொண்ணூற்றாறு ஆள். பதிவேட்டில் தொண்ணூற்றாறு பெயர் இருந்தது. கழுத்தில் பெயர் போட்ட அட்டையோடு தொண்ணூற்றாறு பேர் திரிந்தார்கள். ஆனால் தீபாவளிக்கு இந்தியா முழுக்க வெடிக்க வேண்டிய சரவெடியைத் தொண்ணூற்றாறு பேர் பின்ன முடியுமா? அதனால் இன்னும் நூற்றுப் பதினெட்டு பேர் அதே ரூம்களுக்குள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் காலத்திலோ ஒரு அதிகாரி போனில், "ரூமுக்குள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்க, "நாலு ஆளு, மிச்சம் காத்து சார்" என்று யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது முனியராஜே காலையில் போர்மேனிடம் அப்படித்தான் கேட்பார். "பதினேழாம் ரூம்ல இன்னைக்கு எம்புட்டு காத்து?" "அஞ்சு சார்."

அந்த அஞ்சில் ஒன்று இசைவாணி, பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. அவளுடைய வம்சத்தில் காலேஜ் வாசலைத் தாண்டிய முதல் ஆள். கம்பெனிக் கணக்கில் அவள் ஆளே இல்லை என்பது வேறு விஷயம்.

முனியராஜ் போனை எடுத்தார். அதட்டிப் பேசுகிறவர்களுக்கும் கேள்வி கேட்கிறவர்களுக்கும் குளுமைப் புள்ளி குறைப்பது சீதளம் நகரின் வழக்கம். குறைத்துவிட்டு அவளை உள்ளே அனுப்பலாம் என்று பெயரைத் தேடினார். பெயர் வரவில்லை. மறுபடி தேடினார்.

"இல்லாத ஆளுக்கு எங்கிட்டு சார் குறைப்பீக?" என்றாள் இசைவாணி.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

குளுமைப் புள்ளி பற்றிச் சொல்ல வேண்டும். தாயில்பட்டிக்குக் கிழக்கே, கம்பெனியையும் அதன் குவார்ட்டர்ஸையும் சேர்த்து முள்வேலி போட்டு, சீதளம் நகர் என்று வளைவு கட்டியிருந்தார்கள். பட்டாசுத் தொழிலில் உராய்வு ஆகாது, சூடு ஆகாது. அதற்காகச் சில கட்டுப்பாடுகள் உண்டு, அவை நியாயமானவை. நைலான் சேலை கூடாது, கொலுசு கூடாது, செல்போன் கூடாது, ரூமுக்குள் நுழையுமுன் உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்க வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். யாருக்கும் இதில் சண்டை இல்லை. சின்ன முதலாளி ஸ்ரீராம்குமார் வெளிநாட்டில் ரெண்டு வருஷம் படித்துவிட்டு வந்து இந்தக் கட்டுப்பாடுகளை மனுஷ மனசுக்கும் நீட்டினார். மனசிலும் உராய்வு உண்டு, சூடு உண்டு என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து வந்ததுதான் குளுமைக் கையேடு.

கையேட்டின்படி சீதளம் நகருக்குள் ஓடக் கூடாது. குரல் உயர்த்தக் கூடாது. சீசனில் விசேஷம் வைக்கக் கூடாது. கேள்வி கேட்டால் தலை சூடாகும், அதனால் ஒரு ஆளுக்கு வாரத்துக்கு ஒரு கேள்வி, அதுவும் வியாழக்கிழமை. சிரிக்கலாம், சிரிப்பு நல்லது. ஆனால் மூன்று வினாடிக்கு மேல் போனால் அது சூட்டில் சேரும். தெருவுக்குத் தெரு ஸ்பீக்கர். காலை ஐந்தரைக்கு அது பேசத் தொடங்கும். "இன்று வெளியே முப்பத்தொன்பது டிகிரி. உங்கள் மனம் இருபத்தைந்தில் இருக்கட்டும்." நீல அட்டை என்றால் குளுமையான ஆள். மஞ்சள் என்றால் வெதுவெதுப்பு. சிவப்பு வந்துவிட்டால் கம்பெனி பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வர வேண்டும், கடையில் கடைசியாகத்தான் அரிசி, அடுத்த மாதம் குவார்ட்டர்ஸ் சாவியையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

காத்துக்கு வெள்ளை அட்டை. அதில் பெயரும் கிடையாது, புள்ளியும் கிடையாது.

இசைவாணி தானாக ஆசைப்பட்டு காத்தாகவில்லை. குவார்ட்டர்ஸில் வளர்ந்து படித்த பிள்ளை ஒரு சீசனாவது கம்பெனிக்கு உழைக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். டிகிரி வாங்கிய மறுவாரம் அம்மா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பதினேழாம் ரூமில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இந்தா, திரி. இப்படிப் பின்னு. மூணு மாசம் வாய மூடிக்கிட்டு இரு."

மூணு மாசம் இருந்திருப்பாள். ஆனால் ஆனி மாசம் ஒன்பதாம் ரூமில் ஒரு தீப்பொறி விழுந்தது. காயம் நாலு பேருக்கு என்று பேப்பரில் வந்தது. அந்த ரூமில் ஐந்தாவதாக இருந்தவள், இசைவாணியின் தோழி முருகேஸ்வரிக்கு நாத்தனார். அவள் செத்துப்போனாள். அவள் காத்து என்பதால் ரூமுக்குள் சாக முடியாது. வீட்டில் ஸ்டவ் வெடித்துச் செத்ததாகக் கம்பெனி எழுதிக்கொண்டது. சீதளம் நகரில் ஒரு வீட்டிலும் ஸ்டவ் கிடையாது. தீப்பெட்டியே தடை. எல்லாருக்கும் சோறு கம்பெனி மெஸ்ஸில்தான் வேகும். இது எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் வியாழக்கிழமை ஒரு ஆள்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இசைவாணிக்கு எண்ணப்பட வேண்டும் என்ற வெறி பிடித்தது. செத்தால் செத்த இடத்திலாவது செத்ததாக எழுத வேண்டும் இல்லையா.

"உனக்குப் புரியல," என்பாள் அம்மா. "ஒன்னைய எண்ணுனா மத்தவள எல்லாம் வெளிய அனுப்பிருவான். ஒன் ஒருத்தி வாயால நூறு வீட்டு ஒல கொதிக்காம போயிரும்."

"நம்ம யாரு வீட்டுலயும் ஒலயே கெடயாதேம்மா."

"இந்தப் பேச்சுத்தான் ஒனக்கு டிகிரி குடுத்துச்சா?"

எண்ணச் சொல்லிக் கேட்ட அன்று காலை முனியராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் அவளைச் சின்ன முதலாளியிடம் அனுப்பினார். ஏசி அறை. ஸ்ரீராம்குமாருக்கு முப்பது வயது இருக்கும், யாரிடமும் கோபப்படாத ஆள். கோபப்பட்டால் அவருக்கே புள்ளி குறையும் என்று தனக்கும் ஒரு நீல அட்டை போட்டிருந்தார். அதில் எப்போதும் முழுப் புள்ளி.

"கெமிஸ்ட்ரியா? சூப்பர்," என்றார். "உன் பிரச்சனை சூடு இல்லம்மா. எனர்ஜி. அதுக்கு ஒரு வேலை வேணும்." அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன் வருகிறது. வருகிற மேடம் கறாரானவர். அவருக்கு ஒரு பாதுகாப்பு டிரில் செய்து காட்டிவிட்டால் அசந்துபோவார். "சைரன் அடிச்சதும் எல்லாரும் மைதானத்துக்கு ஓடி வரணும், வரிசையா நிக்கணும், ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கை சொல்லணும். வெளிநாட்டுல ஒன்றரை நிமிஷத்துல பண்றான். நீ ட்ரெய்ன் பண்ணு. நம்பர் சொல்றது முக்கியம். கவுண்ட் இல்லாட்டி அது டிரில்லே இல்ல."

"எல்லாருமா சார்? காத்துமா?"

"நெருப்புக்கு ஆளு, காத்துன்னு தெரியுமா? எல்லாரும்தான்." அவரே தன் பேச்சில் மகிழ்ந்துபோய் அதைக் கையேட்டில் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலமே ஸ்பீக்கர் அதைச் சொன்னது. சைரன் ஒலித்தால் எங்கே இருந்தாலும், எது செய்துகொண்டிருந்தாலும், யார் தடுத்தாலும் நிற்காமல் மைதானத்துக்கு ஓடு. நின்றால் நூறு புள்ளி குறையும். வெள்ளை அட்டை என்றால் மறுநாள் வேலை இல்லை.

முதல் நாள் டிரில்லுக்கு ஆறு நிமிஷம் ஆனது. யாருக்கும் ஓடத் தெரியவில்லை. ஆறு வருஷமாக ஓடக் கூடாது என்று பழக்கிய கால்கள். கல்யாண ஊர்வலம் மாதிரி சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தார்கள்.

"ஓடுங்க மதினி," என்று கத்தினாள் இசைவாணி.

"ஓடுனா புள்ளி போயிரும்லட்டி."

"இப்ப ஓடாட்டித்தான் போகும்."

"என்ன எழவு சட்டமோ. நடக்கச் சொன்னா நடக்கோம், ஓடச் சொன்னா ஓடுதோம். நாளைக்குப் பறக்கச் சொன்னா ரெக்கைக்கு எவன்கிட்ட போறது?"

மூன்றாம் நாள் நாலு நிமிஷம். ஐந்தாம் நாள் ரெண்டரை. அதற்குள் அவர்களுக்கு ருசி பிடித்துவிட்டது. ஐம்பது வயதுக்காரி எல்லாம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பாய்ந்தாள். உடம்பெல்லாம் அலுமினியத் தூள் ஒட்டி வெள்ளி மாதிரி மின்ன, இருநூறு பேர் வெயிலில் ஓடி வருவதைப் பார்த்தால் யாரோ ஒரு பூவாணத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. பெயர் உள்ளவர்கள் முன்னால் நின்று ஒன்றிலிருந்து தொண்ணூற்றாறு வரை சொன்னார்கள். காத்து பின்னால் நின்று தொண்ணூற்றேழில் ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர்களுக்கு ஒரு எண் கிடைத்திருந்தது. டிரில்லுக்கு மட்டும்தான் என்றாலும் அதை வீட்டுக்குப் போகும்போதும் விடவில்லை. "எக்கா, நூத்திநாப்பது, நில்லுங்க" என்று தெருவில் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

முருகேஸ்வரிதான் தொண்ணூற்றேழு. "நான்தாம்டி காத்துக்கெல்லாம் தலைவி" என்று தோளை உலுக்கினாள். சைரன் பொத்தானை அமுக்கிவிட்டுக் கடைசியாக ஓடி வந்து நிற்பவள் இசைவாணி. இருநூற்றுப் பதினாலு.

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் அவள் முனியராஜிடம் போனாள். வியாழக்கிழமை. கேள்விக்கு உரிமை உண்டு.

"சார், அதிகாரி வந்தா வழக்கம்போல விசில் மூணு அடிப்பீக. காத்தெல்லாம் மேற்க கருவேலங்காட்டுக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிருவாக."

"சரி."

"அப்ப சைரன் அடிச்சா?"

"அடிச்சா மைதானத்துக்கு வரணும்."

"காட்டுக்குள்ள இருக்கவகளுமா?"

முனியராஜின் நெற்றியில் ஒரு கோடு விழுந்தது. அதைத் துடைத்துவிட்டார். "அது ரெண்டாவது கேள்விம்மா. ஒரு வாரத்துக்கு ஒண்ணுதான்."

நடக்கப்போவதை அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அதுதான் அவளுக்குக் கணக்கு. எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் பத்து மணிக்கு விசில் மூன்று முறை கேட்டது. நூற்றுப் பதினேழு பேர் திரியையும் காகிதக் குழலையும் அப்படியே போட்டுவிட்டு, வாசலில் செம்புத் தகட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு, கருவேலங்காட்டுக்குள் போனார்கள். முள் குத்தும். ஆனால் சீதளம் நகரில் ஸ்பீக்கர் இல்லாத ஒரே இடம் அதுதான். காத்துக்கு இன்ஸ்பெக்ஷன் நாள் என்றால் திருவிழா. உள்ளே போய் உட்கார்ந்ததும் மெஸ் இட்லியைப் பற்றியும் சின்ன முதலாளியின் நடையைப் பற்றியும் பேசி, வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். யாரும் வினாடி பார்ப்பதில்லை.

இசைவாணி மட்டும் போகவில்லை. டிரில் பொறுப்பு அவளுடையது. அவள் கழுத்தில் அன்றைக்கு ஒரு அட்டை மாட்டினார்கள். 'விருந்தினர்' என்று இருந்தது.

மேடம் ஒல்லியான பெண். கையில் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. அதிகம் பேசவில்லை. ஒவ்வொரு ரூமாக எட்டிப் பார்த்து எண்ணினார். நாலு. நாலு. நாலு. பதினேழாம் ரூமில் சண்முகத்தாயும் இன்னும் மூன்று பேரும் ஒன்பது பேருடைய மூச்சு அடங்காத இடத்தில் விரிந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஊருக்கு வந்தவர்கள் மாதிரி விழித்தார்கள். மேடம் அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார். தரையில் ஒன்பது சாக்குத்துண்டு கிடந்தது. நோட்டில் எதுவோ எழுதினார், யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

"தொண்ணூற்றாறு. சரியா இருக்கு," என்று நோட்டை மூடினார்.

அதோடு அவர் போயிருப்பார். ஸ்ரீராம்குமாரால்தான் விட முடியவில்லை.

"மேடம், எங்க டிரில்ல பாக்காம போனா எப்படி? ஸ்டேட்லயே யாரும் பண்ணல."

"சரி, காட்டுங்க."

"இசைவாணி, சைரன் அடி."

இசைவாணி சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றாள். அம்மா சொன்ன நூறு வீடும் ஒரு தடவை கண்முன் வந்துபோனது. "சார், கண்டிப்பா அடிக்கணுமா?"

"ஆமாம்மா."

"கையேட்டுல இருக்கபடியே அடிக்கணுமா?"

"ஒரு எழுத்து மாறாம."

முனியராஜுக்கு அந்த நொடியில்தான் நேற்றைய இரண்டாவது கேள்வி முழுதாகப் புரிந்தது. அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆனது. சின்ன முதலாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று இரு கையையும் ஆட்டினார், தலையை ஆட்டினார், மேற்குப் பக்கம் கையைக் காட்டினார். வாயை மட்டும் திறக்கவில்லை. முதலாளி பேசும்போது குறுக்கே பேசினால் நாற்பது புள்ளி. அவரிடம் இருந்தது முப்பத்தெட்டு.

"சார், ஒரு தடவ யோசிச்சுக்..."

"அமுக்கும்மா."

அமுக்கினாள்.

சைரன் ஆனைக்குட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். இருபத்து நாலு ரூமிலிருந்தும் தொண்ணூற்றாறு பேர் பாய்ந்து வந்தார்கள். ஸ்ரீராம்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பாருங்க மேடம், பாருங்க" என்றார். மேடம் பார்த்தார். முதலில் தொண்ணூற்றாறு பேரைப் பார்த்தார். பிறகு மேற்கே பார்த்தார்.

மேற்கே காடு கலகலத்தது. மரம் அசைந்தது, தூசி எழுந்தது. ஒரு ஆட்டு மந்தை முதலில் வெளியே தெறித்தது. அதன் பின்னால், எங்கே இருந்தாலும், எது செய்துகொண்டிருந்தாலும், யார் தடுத்தாலும் நிற்காமல், நூற்றுப் பதினேழு பேர் வந்தார்கள். பாதிச் சிரிப்பில் எழுந்து ஓடி வந்த முகங்கள். தலைமுடியெல்லாம் முள். முருகேஸ்வரியின் முந்தானையில் ஒரு முழுக் கருவேலங்கிளை சிக்கி, அவள் பின்னாலேயே தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தி கையில் வாயில் வைக்கப்போன பாதி வடை. யாரும் ஒரு அடி பிசகவில்லை. வரிசையில் அவரவர் இடத்தில் போய் டக்கென்று நின்றார்கள்.

"ஒரு நிமிஷம் இருபத்தெட்டு வினாடி," என்று ஸ்ரீராம்குமார் குதித்தார். "ரெக்கார்டு. மேடம், ரெக்கார்டு." குதித்து இறங்கும்போதுதான் அவர் கண்ணுக்கு அந்தக் கருவேலங்கிளை தெரிந்தது.

வரிசை எண்ணிக்கை சொல்ல ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்த யாருக்கும் தெரியாது. எப்படி நிறுத்துவதென்று கையேட்டில் இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று குரல் ஓடியது. அறுபத்தாறு சண்முகத்தாய். எண்பது. தொண்ணூறு. தொண்ணூத்தாறு.

அங்கே நின்றது.

முருகேஸ்வரி வாயைத் திறந்தாள், மூடினாள். இப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. மேடம் நோட்டைத் திறந்துகொண்டு அவளையே பார்த்தார். ஸ்ரீராம்குமார் அவளைப் பார்த்துத் தலையை மெதுவாக இடம் வலமாக அசைத்தார். இருநூறு பேர் நின்ற மைதானத்தில் ஆட்டுக் குட்டி கத்துவது மட்டும் கேட்டது. இசைவாணி கத்தலாமா என்று நினைத்தாள். அவள் எண் கடைசி எண். நடுவில் அவளால் பேச முடியாது.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சொல்லுட்டி முருகேஸ்வரி. தொண்டையிலயுமா முள்ளு?"

சண்முகத்தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நின்றுகொண்டு சொன்னாள்.

"தொண்ணூத்தேழு," என்றாள் முருகேஸ்வரி. சொன்ன வேகத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தொண்ணூத்தெட்டு" என்றவளும் சிரித்துக்கொண்டே சொன்னாள். நூறு சொன்னவள் கத்திச் சொன்னாள். அதற்குப் பிறகு பிடிக்க முடியவில்லை. சரவெடியில் நெருப்பு ஏறின மாதிரி ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்கு எண் தாவியது. நூத்தம்பது சொன்னவள் கைதட்டிக்கொண்டே சொன்னாள். மேடத்தின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. இருநூற்றுப் பதின்மூன்று வந்ததும் இசைவாணி பொத்தானை விட்டுவிட்டு ஓடினாள், தன் இடத்தில் போய் நின்றாள், மூச்சு வாங்கச் சொன்னாள்.

"இருநூத்துப் பதினாலு."

மேடம் நோட்டில் கோடு போட்டார். "இவங்க யாருன்னு யாராவது ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும்," என்றார் அமைதியாக. "நான் கேட்டுக்கு வெளிய ஜீப்புல இருக்கேன். ஒரு மணி நேரம்."

அரை மணி நேரம் கழித்து இசைவாணி மறுபடி அந்த ஏசி அறையில் நின்றாள். ஸ்ரீராம்குமாரின் நீல அட்டை மேசையில் கவிழ்ந்து கிடந்தது. முனியராஜ் மூலையில் நின்றார்.

"கோபப்படல," என்றார் ஸ்ரீராம்குமார். "உனக்கு என்ன வேணும்? உன் பேரு ரெஜிஸ்டர்ல வரணும். அவ்வளவுதான? வந்தாச்சு." பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். "நீல அட்டை. ஆபீஸ் வேலை. நீ வெளிய போயி, அவங்கல்லாம் ஒரு வளைகாப்புக்கு வந்த சொந்தக்காரங்கன்னு எழுதிக் குடுத்துரு."

"நூத்திப் பதினேழு சொந்தக்காரங்களா சார்?"

"பெரிய குடும்பம்னு எழுது."

"சீசன்ல விசேஷம் தடைன்னு நீங்கதான எழுதி வச்சிருக்கீக."

முனியராஜ் கூரையைப் பார்த்தார். ஸ்ரீராம்குமார் மூச்சை இழுத்து விட்டார். "அப்படின்னா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நீ வேற மாதிரி எழுதினா நாளைக்கு நூத்திப் பதினெட்டு பேருக்கு வேலை கெடயாது. ரூமுக்கு நாலுதான் சட்டம். நான் என்ன செய்ய முடியும்? அந்தப் பாவம் உனக்குத்தான்."

இதைத்தான் அம்மாவும் சொல்லியிருந்தாள். இதற்குத்தான் இத்தனை நாள் பயந்தது. இசைவாணி பதிவேட்டைப் பார்த்தாள். ரூம் பதினேழு. நாலு வரி. முதல் வரியில் ஈரம் காயாத மையில் இசைவாணி, பி.எஸ்ஸி. என்று அழகாக எழுதியிருந்தது. பட்டப்படிப்பைக்கூட விடவில்லை. இத்தனை வருஷத்தில் தன் பெயரைக் கம்பெனிக் காகிதத்தில் இப்போதுதான் பார்க்கிறாள். ஒரு நொடி உள்ளே ஏதோ குளிர்ந்தது. அதை மறுக்க முடியாது.

பிறகு அந்தப் பெயருக்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். வேறு ஒரு பெயர், அதன் மேல் அடித்த கோடு. சண்முகத்தாய்.

"இது என்ன சார்?"

"ரூமுக்கு நாலுதானம்மா," என்றார் முனியராஜ் மெல்ல. "ஒருத்தர் உள்ள வந்தா ஒருத்தர் வெளிய போகணும்ல."

"அப்ப எங்கம்மா இனிமே காத்து."

"நீயும் அம்மாவும் ஒரே வீடுதான," என்றார் ஸ்ரீராம்குமார். "வீட்டுக்குள்ள ஒரு பேரு இருக்குல்ல."

இசைவாணிக்குக் கோபம் வர வேண்டிய இடம். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கு வந்து நின்றது. அவள் படித்த பிள்ளை, கணக்கு பழக்கம்.

"நூத்திப் பதினெட்ட நாலால வகுத்தா எம்புட்டு சார்?"

"என்ன?"

"இருபத்தொம்பதரை. இன்னும் முப்பது ரூம் கட்டுனா அம்புட்டுப் பேரும் ஆளுதான். யாரையும் வெளிய அனுப்ப வேண்டாம். நீங்க கிரிக்கெட் விளையாடுத கிரவுண்டு சும்மாதான கெடக்கு. கட்டுத வரைக்கும் சம்பளத்தக் குடுங்க. கடைசி ரூம்ல ரெண்டு எடம் காலியா இருக்கும். அதுல நீங்களும் மேனேஜர் சாரும் வந்து ஒக்காருங்க. மருந்து வாசன எப்படி இருக்குன்னு பாக்கலாம்."

முனியராஜுக்கு அடக்க முடியாமல் ஒரு சத்தம் வந்தது. இருமல் மாதிரி இல்லை.

"அறுபது வருஷமா நடக்குற தொழில்," என்றார் ஸ்ரீராம்குமார். குரல் உயர்ந்திருந்தது. "நீ ஒரு காலேஜ் படிச்சிட்டு வந்து..."

"சார், குரலு. நாலு புள்ளி போயிருச்சு."

அவர் வாயை மூடினார். மேசையில் கவிழ்ந்து கிடந்த தன் அட்டையைக் கை தானாகத் தொட்டுப் பார்த்தது.

இசைவாணி மேசையிலிருந்த அவருடைய பேனாவை எடுத்தாள். தன் பெயரை அடித்தாள். கோட்டுக்கு அடியில் கிடந்த அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் மறுபடி சண்முகத்தாய் என்று எழுதினாள், நிறுத்தி, நிதானமாக. விருந்தினர் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பதிவேட்டின் மேல் வைத்தாள். பேனாவைத் திருப்பித் தரவில்லை. கேட்டில் அதற்கு வேலை இருக்கிறது.

"நீ இப்ப வெளிய போனா சாயங்காலம் உங்க வீட்டுச் சாவி வந்தாகணும்."

"எங்கம்மா மைதானத்துலதான் நிக்கா சார். கேட்டுப் பாருங்க. இன்னைக்கு அவ நல்லாப் பேசுதா."

கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அடித்தது. மைதானத்தில் வரிசை இன்னும் கலையவில்லை. கலையச் சொல்லி யாரும் சொல்லவில்லை. இருநூற்றுப் பதின்மூன்று பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். தலையிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்த முருகேஸ்வரி, இவள் கையிலிருந்த பேனாவைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினாள். அம்மா மகளுக்கு வழி விடுகிற மாதிரி ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள், அவ்வளவுதான்.

வழியில் பதினேழாம் ரூம். பழக்க தோஷத்தில் வாசலில் இருந்த செம்புத் தகட்டை ஒரு தட்டு தட்டிவிட்டு நடந்தாள். கேட்டுக்கு வெளியே ஜீப்பின் கதவு திறந்திருந்தது. ஓடவில்லை. சைரன் அடிக்காதபோது ஓடக் கூடாது என்பது விதி. சிரிப்புக்கு மூன்று வினாடி என்பதும் விதிதான். அதை அவள் வளைவுக்கு அடியில் போகும்போது ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலு. ஐந்து. பின்னாலிருந்து யாரோ சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தார்கள்.